சர்க்கரைக்கு நடக்கப் போய் மறியலில் கைதான விவரம்

கள்ளக்குறிச்சி
9-6-1986

அன்பு மகன் தீனதயாளனுக்கு,

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஜெயித்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நலம் என்று ஆரம்பித்தால் என் கால் கதை வந்துவிடும், அது வந்தால் காகிதத்தில் வேறு எதற்கும் இடம் இருக்காது. உன் தங்கை நிர்மலாவின் மகன் பாரதி பத்தாவதில் ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறான், கணக்கில் மட்டும் தொண்ணூற்றெட்டு, மீதி இரண்டு எங்கேடா என்று உன் அப்பா கேட்டதற்குத் திருத்தின வாத்தியாருக்கும் வூட்டுக்கு எதாவது எடுத்துக்கினு போவணும் இல்ல தாத்தா என்கிறான். அவன் தங்கை சந்தியா தியாகதுருகத்தில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள், ஓடியது நான்கு பேர்தான், அதில் ஒருத்தி பாதியில் நின்று அழுதுவிட்டாள், ஆனாலும் மூன்றாவது மூன்றாவதுதான், ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள், அதில் சோப்பு வைக்க நான் விடவில்லை, கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பா மகன் சின்னராசு கண்டக்டர் லைசென்ஸ் வாங்கி உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் போகிறான், காப்பி வேண்டும் என்றாலும் வீட்டில் விசில்தான் அடிக்கிறானாம். உன் மகன் சிவசங்கர் அங்கே பிலாயில் ஹிந்திப் பேச்சுப்போட்டியில் கப்பு வாங்கினதை விஜயலட்சுமி எழுதியிருந்தாள், தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், இன்னா பேசினான் என்று கேட்டார்கள், கப்பு கொடுத்தவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். உன் சின்னக்குட்டி ஒன்பதாம் மாதத்திலேயே எழுந்து நடந்துவிட்டாளாம், அவள் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள், ஏன் என்று இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் தெரியும்.

இப்போது நலம். நீயும் விஜயலட்சுமியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நிர்மலா வீட்டாரும் சுகம், என் வலது கால் கட்டைவிரலும் சுகம். விரலைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. பேப்பரில் என் பேர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு உன் மாமனார் பதறிப்போய் உனக்குத் தந்தி கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். உன் அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை, எந்த ஊர்வலத்துக்கும் தலைமை தாங்கவில்லை, நடந்தாள், அவ்வளவுதான். முதலிலிருந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மாசி மாதம் ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்ட விரல் பங்குனி முடிந்தும் ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன், வேப்பெண்ணெய் வைத்தேன், உன் அப்பா என்னமோ பச்சிலை என்று எதையோ பறித்துவந்து வைத்தார், அது பக்கத்து வீட்டுக்காரர் நட்ட புதினா. கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு சின்ன கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி அதில் என் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினார்கள், அது நம் வீட்டுச் செங்கல் மாதிரி சிவந்துபோயிற்று. பச்சையாக வந்தால் பரவாயில்லை, மஞ்சள் வந்தால் கவனம், ஆரஞ்சு வந்தால் பயம், செங்கல் வந்தால் கடைசி என்றார்கள். நான் எங்கள் குடும்பத்தில் எப்போதும் முதல் மார்க்குத்தான் என்று சொன்னேன், அந்த அம்மா சிரிக்கவில்லை. சோற்றைக் குறைங்க, தெனமும் ஒரு மணி நேரம் நடங்க, ஆனி மாசத்துக்குள்ள பச்சை வரணும், வரலன்னா இந்த வெரல எடுக்க வேண்டி வரும், அதுக்கப்பறம் பக்கத்து வெரல் என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அறுபத்தொரு வருஷமாக என்னோடு இருக்கிற விரல். மெட்டி போட்ட காலில் ஒரு விரல் இல்லாமல் நான் எப்படிப் பேத்தி கல்யாணத்தில் நிற்பேன் சொல்.

நடப்பது பெரிய காரியமா என்று நினைப்பாய். நம் ஊரில் ஒரு பொம்பளை சும்மா நடந்துவிட முடியுமா பார். வாசலை விட்டு இறங்கினதும் எங்க போறீங்க என்று கேட்பார்கள், எங்கேயும் இல்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். முதல் நாள் மெயின்ரோட்டில் நடந்தேன், சேலம் பஸ் ஒன்று எனக்காக நின்றது, நான் ஏறவில்லை என்றதும் கண்டக்டர் திட்டிவிட்டுப் போனான், திரும்பி வரும்போது இன்னொரு பஸ் நின்று இன்னொரு கண்டக்டர் திட்டினான். லாரி ஒன்று என் முந்தானையை உரசிக்கொண்டு போயிற்று. மறுநாள் மாடியில் நடந்தேன், நம் மாடி பதினோரு அடி, திரும்பித் திரும்பித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒரு யோசனை செய்தேன், கையில் ஒரு பால் சொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன், பால் வாங்கப் போகிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கோடி வீட்டுப் பெரியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு, காலையிலேர்ந்து ஏழு தடவ பால் வாங்கிக்கினு போறீங்களே, வூட்ல இன்னா விசேஷம், எங்களுக்கெல்லாம் சொல்லலியே என்று மூக்கைச் சிந்திவிட்டாள்.

நிழலோடு நடக்க இந்த ஊரில் இருக்கிற ஒரே இடம் ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில் சுவர் கட்டின பூங்கா. நீ இங்கே இருந்தபோது அது முள்காடு, இப்போது ஒரு ஏக்கர், பதினெட்டு மரம், வேம்பும் புங்கையும் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரமும், சுற்றிச் சரளை போட்ட பாதை, நான்கு சிமெண்டு பெஞ்சு. ஊர்ப் பணத்தில் போட்டது. ஆனால் கேட்டில் பூட்டு, பூட்டின் சாவி பசுஞ்சோலை மன்றம் என்று ஆபீசர்கள் சேர்ந்து நடத்துகிற கிளப்பிடம். காலையிலும் மாலையிலும் அவர்கள் நடக்கிற நேரத்துக்கு மட்டும் காவல்காரர் சடையன் திறந்துவிடுவார், மற்ற நேரம் காக்காய் குருவிக்கு மட்டும் அனுமதி. நானும் அப்பாவும் போய்க் கிளப்புச் செயலாளரைக் கேட்டோம். நல்ல மனுஷர்தான், மரியாதையாகவே பேசினார், முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர் என்று வைத்துக்கொள். பாதை கெட்டுடக் கூடாதுங்க அம்மா, கான்வாஸ் ஷூ போட்டவங்கள மட்டும்தான் விடறதுன்னு ரூல் என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு சந்தியாவின் பள்ளிக்கூட கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். லீவு நாள்தானே, ஷூ சும்மா கிடந்தது, எங்கள் இருவருக்கும் ஒரே அளவு கால். சாக்பீசைக் குழைத்துப் பூசி வெள்ளையாக்கினேன். விரலில் கட்டு இருந்ததால் வலது ஷூவில் மட்டும் கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை போட்டு விரலை வெளியே விட்டேன், அதற்கு சந்தியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செயலாளர் என் காலைப் பார்த்தார், சடையனைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார், பிறகு ஓட்டை இருந்தா அது ஷூ இல்லீங்களே அம்மா என்றார். சடையனுக்கு என் மேல் பரிதாபம், ஆனால் வேலை போய்விடும் என்று பயம், கேட்டை மூடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடினார்.

அந்தச் சுவருக்கு வெளியேதான் பாப்பாத்தியோடு பழக்கமானது. ரைஸ்மில் களத்தில் வேலை செய்கிறவள், முப்பது வயசு இருக்கும். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டுக் காலாலேயே கோடு போட்டுத் திருப்பிக்கொண்டே நடக்க வேண்டும், காலை எட்டுக்கு ஆரம்பித்தால் ஐந்து மணி வரைக்கும், இந்தக் கத்திரி வெயிலில். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், மரக்கட்டை. மில் புகைக்கூண்டிலிருந்து உமிச் சாம்பல் பறந்துவந்து அவர்கள் தெரு முழுக்க விழுகிறது, அவளுடைய ஐந்து வயசுப் பெண் தைலம்மாள் இரும ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, விசில் மாதிரி மூச்சு. பூங்கா மரத்து நிழல் காலையில் சுவரைத் தாண்டி வெளியே விழும், அதில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துவிட்டு வேலை செய்வாள், வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும், பெண்ணைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டே போவாள், உச்சிக்கு மேல் நிழல் முழுக்க உள்ளே போய்விடும். நிழலுக்கும் அந்த கிளப்பில் மெம்பர்ஷிப் இருக்கிறது போல. எங்கள் டாக்டரம்மாவிடம்தான் அவளும் காட்டுகிறாள். ஒருநாள் நான் நடக்க இடம் இல்லை என்று புலம்பினதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா உன்ன நடக்கச் சொல்லுது ஆயா, என்னக் கொஞ்சம் நேரம் நெழல்ல குந்துன்னு சொல்லுது, ரெண்டும் அந்தப் பூட்டுக்குள்ளதான் இருக்குது, நம்ம ரெண்டு பேர் வெயாதியயும் மாத்திக்கினா ரெண்டு பேரும் பொழச்சிக்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மைல் அவள் நடக்கிறாளோ, அதில் ஒரு மைலை எனக்குக் கொடுக்க வழி இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் பஸ்ஸை எல்லாம் நிறுத்தப் போவதாகச் சங்கத்துக்காரர்கள் நோட்டீசு ஒட்டியிருந்தார்கள். உன் அப்பா வெளியில் தலைகாட்டாதே என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பஸ் இல்லை, லாரி இல்லை, எனக்காக நின்று திட்ட எந்தக் கண்டக்டரும் இல்லை, மெயின்ரோடு முழுக்கக் காலி, இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு நாள் வராது. ஓட்டை ஷூவை மாட்டிக்கொண்டு ஆறு மணிக்கு இறங்கிவிட்டேன். அன்று மில்லும் லீவு, கூலி இல்லாத நாள் என்பதால் பாப்பாத்தியும் கூட வந்தாள், ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்கிறேன் நீ நட ஆயா என்றாள். ரோடு எத்தனை அகலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது தீனா, நடுக்கோட்டிலேயே நடந்தேன், ஒரு கல்தூரம் போய்த் திரும்பினேன், கை வீசி நடக்கச் சொல்லியிருந்தார்கள், வீசினேன்.

திரும்பி வரும்போது குறுக்குத் தெருவிலிருந்து சங்கத்து ஊர்வலம் வந்து மெயின்ரோட்டில் ஏறி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறது, இருநூறு பேர், கோஷம் போட்டார்கள், நான் வேறு எங்கோ கூட்டம் என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கவில்லை, குறைத்தால் சர்க்கரை இறங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். எதிரில் வெளியூரிலிருந்து வந்த போலீஸ் வேன். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் யோசித்துப் பார், பின்னால் இருநூறு பேர், முன்னால் இருபது அடி தள்ளி வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கை வீசி ஒரு கிழவி. இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு கும்பிடு போட்டு, வண்டியில ஏறுங்கம்மா, உங்கள முதல்ல ஏத்திட்டாத்தான் மத்தவங்க ஏறுவாங்க என்றார். நான் சர்க்கரைக்கு நடக்கிறேன் என்றேன். எல்லாரும் எதுக்கோ ஒண்ணுக்குத்தானம்மா நடக்கிறாங்க என்றார். ஆயாவ வுடுங்க சார், அது ஒண்ணும் தெரியாதது என்று மரத்தடியிலிருந்து ஓடிவந்த பாப்பாத்தியையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பேர் எழுதினார்கள், வயசு கேட்டார்கள், அறுபத்தொன்று என்றுதான் தெளிவாகச் சொன்னேன். சாப்பிட உப்புமா கொடுத்தார்கள், நான் அளவாகச் சாப்பிட்டேன். இன்னும் அரை மணி நேரம் நடக்கப் பாக்கி இருந்ததால் மணமேடையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பையன் ஆயா ஒரு எடத்துல உக்காரு என்றான், விரலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன், அவன் அம்மாவுக்கும் சர்க்கரையாம், பிறகு அவனே சுற்றுக்களை எண்ணிச் சொன்னான். பொழுது போகாமல் மற்றவர்களும் என் பின்னால் நடக்க ஆரம்பித்து, பத்து மணிக்கு மண்டபமே மணமேடையைச் சுற்றிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை பெண்தான் இல்லை. பாப்பாத்தி மட்டும் நடக்கவில்லை. ஃபேனுக்குக் கீழே ஜமக்காளத்தில் படுத்தவள்தான், சாயங்காலம் நான்கு மணிக்கு எழுப்பினால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு மறியல் வெச்சா தேவலாம் ஆயா என்றாள். பெண்ணை மாமியாரிடம் விட்டு வந்திருந்தாள்.

எங்களோடு கரியாலூர் மலையிலிருந்து வந்த வேடியப்பன் என்று ஒரு பெரியவரும் பிடிபட்டிருந்தார், தேன் விற்க இறங்கிவந்தவர், பஸ் இல்லாததால் ரோட்டில் நடந்திருக்கிறார், இரண்டு தேன் குடத்தோடு அவரையும் ஏற்றிவிட்டார்கள். நான் நடக்கிறதைப் பார்த்து ஏன் என்று கேட்டார், பூங்கா கதை, பூட்டு கதை, ஷூ கதை எல்லாம் சொன்னேன். நடக்கிறதுக்கு ஒரு எடம், அதுக்கு ஒரு கேட்டு, அதுக்கு ஒரு காவக்காரரா என்று வெகுநேரம் ஆச்சரியப்பட்டார். பிறகு, எங்க மலை முழுக்கப் பச்சதான் தாயி, எவ்ளோ வேணும்னாலும் நடக்கலாம், ஆனா புள்ளத்தாச்சிக்கு வலி எடுத்தா டோலி கட்டித் தூக்கிக்கினு மலையே எறங்கணும், உங்களுக்கு ஆசுபத்திரி பக்கத்துல இருக்குது, காத்து இல்ல, எங்களுக்குக் காத்து இருக்குது, ஆசுபத்திரி இல்ல, யார் பங்கு போட்டாங்களோ தெரியல, சரியாவே போடல என்றார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும் போகும்போது ஒரு கை தேன் கொடுக்க வந்தார், நான் நக்கவில்லை, உன் மேல் சத்தியம். விரலால் தொட்டது மட்டும் உண்மை.

நான்கரை மணிக்குத் தாசில்தார் வந்தார் எங்களை விடுவிக்க. உங்க கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, மேல அனுப்பறேன் என்றார். சங்கத்துப் பையன் சின்னதுரை எழுந்து சொன்னான். பி.ஏ. படித்துவிட்டு மூன்று வருஷமாக அப்பாவோடு கரும்பு வெட்டுகிறான், அவன் பேசினது விளையாட்டு இல்லை. அவன் முடித்ததும் தாசில்தார் பேப்பரைப் பார்த்து, தலைமை தாங்கிய ராஜாம்பாள் என்று போட்டிருக்கே, அவங்க எதுவும் சொல்லணுமா என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், சதவீதம் எல்லாம் ஆறாவதில்தான் வரும். எழுந்து நின்று, எனக்குப் பூங்கா சாவி வேணும் சார் என்றேன். சிரித்தார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன், எனக்கு ஆனி மாசத்துக்குள்ள பச்சை வரணும், இல்லன்னா வெரல் போயிடும், இவளுக்கு மத்தியானத்துல ஒரு மணி நேரம் நெழல் வேணும், இவ பொண்ணுக்கு மூச்சு விடணும், மரம் ஊர்ப் பணத்துல வெச்சது, சுவர் ஊர்ப் பணத்துல கட்டினது, பூட்டு மட்டும் யார் பணத்துலன்னு தெரியல என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. சின்னதுரை எழுந்து, எழுதிக்குங்க சார், நாங்க கேக்கறதும் இதேதான், ஆயா சுருக்கமாச் சொல்லிட்டாங்க என்றான்.

தாசில்தார் என் காலைப் பார்த்தார். இந்த ஷூவ எங்கயோ பார்த்திருக்கேனே என்றார். பார்க்காமல் என்ன, அவரும் அந்த கிளப்பில் மெம்பர், நான் கேட்டுக்கு வெளியே நின்ற அன்று உள்ளே மூன்றாவது சுற்றில் இருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிட்டே வந்து குனிந்து, உங்களுக்கு என்ன கலர்மா வந்தது என்றார். செங்கல் சார், உங்களுக்கு என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஆரஞ்சு என்று மெதுவாகச் சொன்னார். ஆரஞ்சு ஒண்ணும் பயமில்ல சார், கை வீசி நடங்க, நீங்க கை வீசறதில்ல, நான் வெளியிலேர்ந்து பார்த்தேன் என்றேன். ஒரு தாசில்தாருக்கு நான் கொடுத்த முதல் உத்தரவு அதுதான்.

மறுநாளே அவர் பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார், பூங்கா பொதுமக்களுக்கு என்றுதான் இருக்கிறதாம், பூட்டச் சொல்லி ஒரு உத்தரவும் கிடையாதாம், வெகு காலத்துக்கு முன்பு ஆடு வந்து செடியைத் தின்கிறது என்று யாரோ வாங்கி மாட்டின பூட்டு, ஆடு செத்தும் பூட்டு நின்றுவிட்டது. காலை ஐந்திலிருந்து இரவு ஏழு வரை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும், ஒரு மாதம் பார்ப்போம், தகராறு வந்தால் மறுபடி யோசிப்போம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதம்தான் எங்களுக்குப் பயம். எங்களில் ஒருத்தர் ஒரு பூவைப் பறித்தால் போதும், பூட்டு திரும்ப ஏறிவிடும். செயலாளரும் பூட்டை வீட்டில் வைக்கவில்லை, பையில் போட்டுத் தினமும் எடுத்துவந்தார், பெஞ்சில் உட்காரும்போது அது டங்கென்று சத்தம் கேட்கும்.

முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு மில்லிலிருந்து முப்பது பேர் தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தார்கள். செயலாளர் முறைத்துக்கொண்டு நின்றார், பூப் பறிப்பார்கள், பாதையைக் கெடுப்பார்கள் என்று. ஒருத்தியும் பாதைப் பக்கமே போகவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் சோற்றைத் தின்றுவிட்டு, முந்தானையை விரித்து, முப்பது பேரும் ஒரே வரிசையாகப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அவர் அதற்கு ஒரு ரூலும் யோசித்து வைத்திருக்கவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போய், அவரும் அங்கேதான் மருந்து வாங்குகிறார், இது நடைப்பயிற்சிப் பூங்கா, இவங்க படுத்துத் தூங்கறாங்க, ஆரோக்கியத்துக்குன்னு வெச்ச எடம் இப்படி ஆனா எப்படி என்று முறையிட்டிருக்கிறார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்த நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். வரிசையாகப் படுத்திருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார்கள், பாப்பாத்தியின் பாதத்தைப் பார்த்தார்கள், தைலம்மாள் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார்கள். பிறகு செயலாளரிடம், இவங்க இன்னிக்குப் பண்ண வேண்டிய நடைப்பயிற்சி காலையிலேயே முடிஞ்சிடுச்சு சார், மருந்துச்சீட்டுல நான் எழுதிக்குடுத்ததுதான் இது, தூக்கம், நெழல்ல, நாளைக்கு ஒரு வேளை என்றார்கள். உட்கார்ந்தே வேலை பாக்கறவங்க நடக்கணும், நடந்தே வேலை பாக்கறவங்க படுக்கணும், ரெண்டுக்கும் ஒரே மரம் போதும் என்றார்கள். நின்று நின்று கால் வலித்ததால் செயலாளரும் அந்த மரத்தடியில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது, ஒரு மணி நேரம் குறட்டை. எழுப்ப வேண்டாம் என்று பாப்பாத்தி சைகை காட்டினாள், வேலைக்குப் போகும்போது முப்பது பேரும் நுனிக்காலில் போனார்கள்.

ஒரு மாதம் முந்தாநாள் முடிந்தது. தாசில்தார் வந்து பார்த்தார், ஒரு பூ குறையவில்லை, சருகு கூட மில் பெண்களே பெருக்கிவிடுகிறார்கள். சொல்லுங்க, பூட்டு வேணுமா என்று செயலாளரைக் கேட்டார். அவர் பையைத் திறந்து பூட்டையும் சாவியையும் எடுத்துச் சடையன் கையில் கொடுத்து, உன் வூட்டுக் கதவுக்கு மாட்டிக்கப்பா என்றார், சடையன் தன் வீட்டுக்குக் கதவே கிடையாது, படல்தான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் பழைய இரும்பாகப் பேரீச்சம்பழக்காரனிடம் போட்டார்கள், கொஞ்சம் பழம் வந்தது, தைலம்மாள் தின்றாள், எனக்கும் தாசில்தாருக்கும் இல்லை. நேற்று என் குழாயைக் காய்ச்சினார்கள், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், உன் அப்பா, பச்ச, பச்ச, பக்கத்து வூட்டுப் புதினா மாதிரி பச்ச என்று கூவிவிட்டார். விரல் ஆறிக்கொண்டு வருகிறது, நகம் புதுசாக முளைக்கிறது. தைலம்மாள் மரத்தடியில் தூங்குகிற ஒரு மணி நேரம் விசில் இல்லை, வீட்டுக்குப் போனால் இருக்கிறது, சாம்பல் விழுவது நிற்கவில்லையே. அதற்குப் புகைக்கூண்டுக்கு வலை போடச் சொல்லி ஒரு மனு எழுதுகிறோம், சின்னதுரை எழுதுகிறான், நான் சொல்கிறேன், தலைமை நான்தான் என்று இந்தத் தடவை நானே போட்டுக்கொண்டேன். மலைக்கு ஒரு ஆஸ்பத்திரி என்பதையும் அடியில் சேர்த்திருக்கிறோம்.

பேப்பரில் என் வயசை எழுபத்திரண்டு என்று போட்டுவிட்டார்கள், மற்ற எதையும் மன்னிப்பேன். மாமனாரிடம் அறுபத்தொன்று என்று நீ சொல்லிவிடு. சந்தியாவுக்குப் புது ஷூ வாங்கிக்கொடுத்தாயிற்று, பேச ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது உன் விஷயம். இந்தச் சர்க்கரை அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், டாக்டரம்மா உன்னைப் பற்றி வயசு என்ன, என்ன வேலை, நடப்பாரா, வயிறு இருக்கா என்று கேட்டார்கள், முதல் மூன்றுக்குப் பதில் சொன்னேன், நான்காவதற்கு எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக நீ அனுப்புகிற போட்டோவில் எல்லாம் யாராவது ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். உங்கள் குவார்ட்டர்சில் ரோடு அகலம், மரம் ஜாஸ்தி, பூட்டு இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்புறம் நடக்காமல் இருக்க உனக்கு என்ன காரணம். காலையில் விஜயலட்சுமியையும் கூட்டிக்கொண்டு நட, சோறு கம்மியாகச் சாப்பிடு, அங்கேயும் டாக்டரிடம் போய்க் குழாயைக் காய்ச்சி என்ன நிறம் என்று எழுது. உங்கள் எல்லோருக்கும் கால்கள் தேயாமல், மூச்சு இரைக்காமல், நூறு வயசு இருக்கக் கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, குழந்தை வேண்டாம், நாற்காலி வேண்டாம், பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும், எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
கொ. ராஜாம்பாள்